பன்னீர்ப் பை

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்ட எல்லோரும் கடைசியில் என் காதைத்தான் பழி சொல்கிறார்கள். அன்றைக்குக் கிளாக்கர் ஐயா சொன்னது "பன்னீர்" என்றுதான் விழுந்தது. இன்று யாராவது அந்தச் சொல்லைச் சொன்னாலும் எனக்கு அப்படித்தான் விழுகிறது.

அது சண்டைக் காலம். திருகோணமலைத் துறைமுகத்தில் யப்பான்காரனின் குண்டு விழுந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. துறைமுக மதிலுக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில் எங்கள் வீடு. முன்னறை பட்டறை, பின்னறை படுக்கை, அதற்குப் பின்னால் சமைக்கக் குசினி. என் மனிசன் குதிரை வண்டிகளுக்குச் சேணமும் வாரும், வண்டில் மாடுகளுக்குக் கழுத்துப்பட்டியும் செய்கிறவர். தோலை வெட்டுவதும், அதில் சின்ன உளியும் கொட்டாப்புளியும் வைத்துப் பூவும் கொடியும் அடிப்பதும் அவர் கை. தையல் முழுக்க என் கை. இரண்டு ஊசி, ஒரு குத்தூசி, மெழுகு பூசிய நூல். நான் இழுத்து முடிந்த தையலை இரண்டு எருது சேர்ந்து இழுத்தாலும் பிரிக்க ஏலாது என்று ஊரில் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நானே சொல்வேன்.

குண்டு விழுந்த அன்று ஊரோடு ஊராக நாங்களும் ஓடினோம். சிலர் குச்சவெளிப் பக்கம் போனார்கள். நாங்கள் வள்ளமேறிக் கட்டைபறிச்சானில் இருந்த அவருடைய தமையன் வீட்டுக்குப் போனோம். தமையன் நல்ல மனிதர். தமையனின் மனைவிதான் எங்கள் தோலையும் ஆயுதங்களையும் கண்டதும் மூக்கைச் சுளித்தாள். "தோல் மணம் சோத்துக்குள்ள வருது" என்று சொல்லி எல்லாவற்றையும் மாட்டுக் கொட்டிலுக்கு அனுப்பினாள். நான்கு மாதம் அந்த வீட்டில் நான் விழுங்கிய சோற்றைவிட விழுங்கிய வார்த்தைகள் அதிகம். சனங்கள் மெல்ல மெல்லத் திரும்புகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், முதல் வள்ளத்திலேயே அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்து இரண்டு கிழமை ஆகவில்லை, ஒழுங்கை முகப்பில் அறிவித்தல் ஒட்டினார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகளைக் காலி செய்யவேண்டுமாம். கடற்படைக்கு வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் பாஸ் கொடுப்பார்களாம், அவர்கள் இருக்கலாமாம். அதை வாசிக்கக் கேட்டதும் எனக்கு அந்த மாட்டுக் கொட்டில்தான் கண்ணுக்குள் வந்தது. செத்தாலும் அங்கே திரும்பிப் போவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு எடுத்தேன்.

அப்போதுதான் கிளாக்கர் ஐயா வந்தார். கடற்படையின் மோட்டார் கொட்டிலில் எழுத்து வேலை பார்க்கிறவர். எங்களோடு நல்ல பழக்கம். அங்கே கடிதக்கட்டுக் கொண்டு ஓடுகிறவர்களின் மோட்டார் சைக்கிள்களில் இருக்கும் தோல் எல்லாம் எங்கள் உப்புக் காற்றுக்கும் மழைக்கும் வெடித்துப் பிய்ந்துவிட்டதாம். கப்பலில் புதிது வரும் என்று பார்த்துப் பார்த்துக் களைத்த துரை, உள்ளூரில் ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

"மாதிரிக்குக் குந்துறதுக்கு ஒரு சீற்றும் ஒரு சோடிப் பையும் செய்து தாங்கோ. துரைக்குப் பிடிச்சால் எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் நீங்கள்தான். பாஸும் கிடைக்கும்" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு லொறி ஒழுங்கையை இடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தத்துக்கு மேலால் அவர் கத்திச் சொன்னார்: "சாதாரணப் பை இல்லை தங்கச்சி. பன்னீர்ப் பை! ரெண்டு பக்கமும் தொங்கவேணும்!" ஒரு கடதாசித் துண்டில் அளவைக் குறித்துத் தந்துவிட்டுப் போய்விட்டார். நீளம் பதினெட்டு அங்குலம், உயரம் பன்னிரண்டு அங்குலம்.

என் மனிசன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இஞ்சாரும், வெள்ளைக்காரனுக்கு ஏன் பன்னீர்?"

"ஏன், அவங்களுக்குக் கலியாணம் காட்சி இல்லையோ? செண்டு பூசாமல் ஒருத்தனாவது வெளிக்கிடுறானோ?"

"சண்டைக்குள்ள கலியாணமோ?"

"கட்டைபறிச்சானில சண்டைக்குள்ளதானே மூண்டு கலியாண வீட்டுக்குப் போனனாங்கள்."

துண்டை மடித்து மடியில் செருகினார். ஆனாலும், "ஒருக்கால் போய்க் கேட்டுக்கொண்டு வரட்டோ?" என்று எழும்பினார்.

"கேட்டால், இதுகூடத் தெரியாததுகள் எண்டு வேற ஆளிட்டக் குடுத்திடுவினம். இருங்கோ."

எனக்கு அவ்வளவு நிச்சயம் வந்ததற்குக் காரணம் இருந்தது. குண்டு விழுவதற்கு முந்திய வருஷம், மூதூர் முதலாளி ஒருவர் தன் மகளின் கலியாணத்துக்குப் பன்னீர்ப் போத்தல்களை வண்டிலில் கொண்டுபோக ஒரு தோல்பெட்டி கேட்டார். வண்டில் குலுங்கும், போத்தல் உடையும். நான் யோசித்து, ஒவ்வொரு போத்தலுக்கும் தனித்தனிக் கூடு வைத்து, கூட்டுக்கு நடுவில் தேங்காய்த் தும்பு அடைத்துத் தைத்துக் கொடுத்தேன். ஒன்றும் உடையவில்லை. முதலாளி ஒரு சட்டி புரியாணி அனுப்பினார். அந்தப் பெட்டியின் புகழ் மோட்டார் கொட்டில் வரைக்கும் போய்விட்டது என்றே நான் நினைத்தேன். போதாததற்கு, வீட்டில் இருந்த பன்னீர்ப் போத்தலை எடுத்து அளந்து பார்த்தேன். உயரம் பன்னிரண்டு அங்குலத்துக்கு மயிரிழை குறைவு. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

முதலில் சீற்று. மோட்டார் சைக்கிள் ஓடுகிறவன் ஒருவனைக் கிளாக்கர் ஐயா அனுப்பியிருந்தார். மூக்கு வெயிலில் வெந்து தோலுரிந்த ஒரு நெட்டையன். மாட்டுக் கழுத்துக்குப் பட்டி செய்யும்போது ஈரத் தோலை மாட்டின் கழுத்திலேயே கட்டி உலரவிடுவோம். அப்போதுதான் அது அந்த மாட்டுக்கென்று வளையும். என் மனிசன் அதே வழியைப் பிடித்தார். ஊறவைத்த எருமைத் தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதன்மேல் நெட்டையனைக் குந்தச் சொல்லிச் சைகை காட்டினார். அவனும் நல்ல பிள்ளையாக வெயிலில் ஒரு மணி நேரம் குந்தியிருந்தான். எழும்பியபோது அவனுடைய வெள்ளைக் காற்சட்டையின் பின்பக்கம் தோல் பதனிடுகிற ஆவரசம்பட்டைச் சாயத்தில் செக்கச் செவேலென்று இருந்தது. நான் குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன். ஆனால் சீற்று வந்தது பாருங்கள், அந்த மனிதனுக்கென்றே பிறந்தது போல வந்தது. அதன் விளிம்பைச் சுற்றி அவர் ஒரு மல்லிகைக் கொடி அடித்தார். சுறா எண்ணெய் பூசிப் பூசி மினுக்கினோம். தண்ணீரை ஊற்றினால் உருண்டு ஓடியது.

பிறகு பை. ஒரு பைக்கு நான்கு கூடு, இரண்டு பைக்கு எட்டு. கூட்டுக்குள் பழைய கம்பளி, கூட்டுக்கு நடுவில் தும்பு, அடியில் இரண்டு மடிப்புத் தோல். மேல்மூடிக்குப் பித்தளைக் கொளுக்கி. மூடியின் நடுவில் என் மனிசன் தன் பங்குக்கு ஒரு பன்னீர்ச் செம்பையே அடித்துவிட்டார். கழுத்து நீண்டு, வாய் விரிந்து, பார்க்க அவ்வளவு அழகு. விரலில் தோல் உரிந்தாலும் நான் நிறுத்தவில்லை. என் வாழ்நாளில் அதைவிட நல்ல தையல் தைத்ததில்லை. அது எனக்கு அப்போதே தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டையும் எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டிலுக்குப் போனோம். துரை சீற்றைத் தடவிப் பார்த்தார். நெட்டையன் அதைப் பூட்டி ஏறி இருந்தான், இருந்தபடியே ஆடிப் பார்த்தான், பெருவிரலை உயர்த்திக் காட்டினான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகு துரை பையைத் திறந்தார். உள்ளே பார்த்தார். கையை விட்டுப் பார்த்தார். அவர் முகம் சிவந்துகொண்டு போவதைக் கண்டேன்.

கிளாக்கர் ஐயா எட்டிப் பார்த்தார். "இது என்ன தங்கச்சி?"

"நீங்கள் சொன்ன பன்னீர்ப் பை."

"ஐயோ, நான் சொன்னது பன்னியர் அல்லோ! பன்னியர்! மோட்டார் சைக்கிளில கடிதம் கொண்டுபோற பை!"

எனக்கு வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். ஒரு கடிதக்கட்டுக்குக்கூட அதில் இடமில்லை, எல்லா இடத்தையும் கூடு பிடித்துவிட்டது. என் மனிசன் ஓரெட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார். "நான் அப்பவே சொன்னனான்" என்று அவர் சொல்லவில்லை. அதற்காக அவரை இன்றைக்கும் மெச்சுகிறேன். துரை பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். வீடு, பட்டறை, குசினி எல்லாம் அவர் முதுகோடு சேர்ந்து போவது எனக்குத் தெரிந்தது.

"ஐயா, துரையை நிற்கச் சொல்லுங்கோ" என்று கத்தினேன். கொட்டிலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "பிழை என்ர. தையலில பிழை இல்லை. எட்டுப் போத்தல் வையுங்கோ. அந்த ஆள் எவ்வளவு வேகமாக எண்டாலும் ஓடட்டும். ஒரு போத்தல் உடைஞ்சால் நாங்கள் நாளைக்கே வீட்டை விட்டு வெளிக்கிடுறம்."

"இஞ்சாரும்!" என்றார் என் மனிசன். அவர் குரலில் அவ்வளவு பயத்தை நான் குண்டு விழுந்த அன்றுகூடக் கேட்டதில்லை.

கிளாக்கர் ஐயா தயங்கித் தயங்கிப் பன்னீர்க் குழப்பத்தையும் சேர்த்து அதை இங்கிலீசில் சொன்னார். துரை என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்போது நெட்டையன் என்னவோ சொல்லத் தொடங்கினான், கையைக் கையை ஆட்டிச் சொன்னான். அவன் விமானத் திடலில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு மருந்துப் போத்தல்கள் கொண்டுபோகிறவனாம். கடதாசியில் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவானாம். குண்டு விழுந்த பள்ளங்களில் சைக்கிள் துள்ளத் துள்ள, பாதி உடைந்துதான் போய்ச் சேருமாம். கிளாக்கர் ஐயா இதை எனக்குச் சொல்லி முடிக்குமுன்னம் யாரோ எட்டுச் சோடாப் போத்தல்களைத் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். என் கையாலேயே ஒவ்வொன்றாக இறக்கிக் கொளுக்கியைப் போட்டேன்.

உப்புவெளி வரைக்கும் போய்த் திரும்பச் சொன்னார் துரை. நெட்டையன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தான். அவன் போன நேரம் முழுக்க நான் கோணேசரை ஒரு தரமும் கூப்பிடவில்லை. தும்பு காணுமா, அடித்தோல் தாங்குமா என்று அந்தப் பையை மனதுக்குள் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டு நின்றேன். என் மனிசன் என் சேலைத் தலைப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்திருப்பது அவருக்கே தெரியாது.

சத்தம் கேட்டது. வந்து நின்றான். தலையிலிருந்து கால்வரைக்கும் செம்புழுதி. துரை தானே குனிந்து மூடியைத் திறந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. எடுத்து நிலத்தில் வரிசையாக வைத்தார். எட்டாவது போத்தலைக் கையில் வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, மூடியைத் திறந்து தண்ணீரை மடமடவென்று குடித்தார். கொட்டில் முழுக்கக் கைதட்டியது. நான் அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். இரண்டையும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

மேசையில் வைத்துத் துரை பாஸை எழுதினார். யாருடைய பேர் என்று கிளாக்கர் ஐயா கேட்டதும், எப்போதும் ஆம்பிளையின் பேரைத்தானே எழுதுவார்கள் என்று நான் பின்னால் நகர்ந்தேன். என் மனிசன், "தைச்சது அவ. வீட்டை வைச்சுப் பந்தயம் பிடிச்சதும் அவ. அவவின்ர பேரை எழுதுங்கோ" என்றார். தொழில் என்ற இடத்தில் துரை என்னவோ எழுத, கிளாக்கர் ஐயா பதறிப்போய்த் திருத்தப் பார்த்தார். துரை விடவில்லை. அவர் சொன்னதைக் கிளாக்கர் ஐயா வெளியே வந்த பிறகு எனக்குத் தமிழில் சொன்னார்: பன்னியர் எவனும் செய்வான், பன்னீர் இந்த மனுஷி மட்டும்தான் செய்வாள், அது அப்படியே இருக்கட்டும்.

ஒழுங்கையைக் காலி செய்யும் நாளில் சிப்பாய்கள் வீடு வீடாக வந்தார்கள். எங்கள் வாசலிலும் ஒருவன் வந்து நின்றான். நான் தைத்துக்கொண்டிருந்த பையை மடியிலிருந்து இறக்காமலே பாஸை நீட்டினேன். அவன் பேரை வாசித்தான். தொழிலை வாசித்தான். நெற்றியைச் சுருக்கி இன்னொரு தரம் வாசித்தான்.

"பன்னீர்?" என்றான்.

"யெஸ் சேர்" என்றேன். "பன்னீர்."

அவன் பாஸைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். நான் நூலுக்கு மெழுகு பூசி, அடுத்த கூட்டைத் தைக்கத் தொடங்கினேன்.