ஆரத்தித் தண்ணீர் என்று நினைத்தோம்

போன வருடம் ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேக்காவில் கோயிலை ஒட்டிய ஒரு சந்தில் நடந்தது இது. பிள்ளைகளே, நான் லாரி ஓட்டுகிறவன். அதிகம் படித்தவன் இல்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

நானும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்து ஒரு பழைய ஜீப் வாங்கியிருந்தோம். என்னைவிட வயதான வண்டி. முன்பு வைத்திருந்தவர் மேடு பள்ளத்தில் ஓட்டுவதற்காக அதை உயரமாகத் தூக்கி, பெரிய டயர் போட்டு, ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியும் மாற்றி வைத்திருந்தார். அந்தப் பெட்டிக்கு ஊற்றும் எண்ணெய் சிவப்பாக இருக்கும். அது ஒழுகிக்கொண்டே இருந்தது. பொங்கோலில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார்பார்க்கில் அடியில் படுத்து, எண்ணெய் போகும் ரப்பர் குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப் வளையத்தை இருவரும் இறுக்கினோம். மறுநாள் பார்த்தால், அடியில் விரித்த அட்டையில் ஒரு சொட்டுகூட இல்லை. சரியாகிவிட்டது என்று நம்பி வண்டியைப் பூசைக்குக் கொண்டுவந்தோம்.

குருக்கள் மாலை போட்டார். டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். மச்சான் இன்ஜினை ஓடவிட்டான். என் மனைவி ஆரத்தி சுற்றி, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த அந்தச் சிவப்புத் தண்ணீரை வண்டிக்கு முன்னால் ஊற்றினாள். என் இரண்டு பிள்ளைகளும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். எக்ஸ்பிரஸ்வே வழியாக வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மச்சான் இறங்கிக்கொள்ள, நான் ஏறி உட்கார்ந்து கியரைப் போடப் போனேன். "தம்பி, போவாதீங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சந்தின் எதிர்ப்பக்கம் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து பூக் கட்டும் அம்மா. கையில் பாதி கட்டிய சரத்தோடு ஓடிவந்து வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

மச்சானுக்கு முகம் மாறிவிட்டது. "என்ன ஆன்ட்டி, கிளம்புற நேரத்துல கூப்பிட்டு, குறுக்க வேற நிக்கிறீங்க?"

"வண்டிக்கு அடியில செவப்பா ஒழுகுதுப்பா."

"அது ஆரத்தி தண்ணிதான்லா. இப்பதான் ஊத்துனோம்."

"ஆரத்திய முன்னால ஊத்துனீங்க. இது நடுவுல சொட்டுது. கீழ உக்காந்திருக்கிற எனக்கு வண்டிக்கு அடிதானே தெரியும்?"

எனக்கும் எரிச்சல்தான். ஹார்ன் மேல் கை போய்விட்டது. அவர் நகரவில்லை. "புள்ளைங்க உள்ள இருக்குது தம்பி. என்னைத் திட்டணும்னா திட்டிக்கங்க. ஒரு தடவ குனிஞ்சு பாத்துட்டுப் போங்க."

மச்சான் வேண்டாவெறுப்பாகக் குனிந்தான். விரலால் தொட்டான், முகர்ந்தான். எழுந்தபோது அவன் குரல் இறங்கியிருந்தது. "மச்சான், ஆஃப் பண்ணுங்க. பிள்ளைங்கள இறக்குங்க."

வண்டியை இழுவை வண்டியில் கட்டி காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறைக்குப் போனோம். குற்றம் கிளாம்பில் இல்லை. அதற்குக் கீழே ரப்பர் குழாயிலேயே கீறல் விட்டிருந்தது; காலையில் வந்த வழியில் அது பெரிதாகியிருக்கிறது. இன்ஜின் நின்றிருந்தால் கீறல் மூடிக்கொள்ளும், ஓடினால் எண்ணெய் வேகத்தில் திறந்துகொள்ளும். அந்தக் குழாய் புகைக்குழாய்க்கு ஒரு விரல் தள்ளித்தான் போனது. நெடுஞ்சாலையில் புகைக்குழாய் கொதிக்கும்போது அதன்மேல் எண்ணெய் பீய்ச்சியிருந்தால் தீப்பிடித்திருக்கும் என்றார் மெக்கானிக். பழைய குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதியதைச் சூடு படாத பக்கமாகக் கொண்டுபோய்ப் பூட்டினார். எண்ணெய் நிரப்பினார். இந்த முறை இன்ஜினை வெகுநேரம் ஓடவிட்டே சோதித்தோம்.

அடுத்த வாரம் நானும் மனைவியும் அந்த அம்மாவைப் பார்க்கப் போனோம். நான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குப்பா. புள்ளைங்க பயந்துருச்சுங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு பூவைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "ஒழுகுறத ஆரத்தி சுத்தறப்பவே பாத்துட்டேன். எங்க வீட்டுக்காரரு போன பெறகு நல்ல காரியத்துக்கு முன்னால நான் போயி நிக்கிறதில்ல. அதான் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டேன்."

என் மனைவி குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த முறை வண்டி வரும்போது நீங்கள்தான் முன்னால் நின்று வழியனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அவர் பூவைக் கட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் நாங்கள் வண்டியோடு போன அன்று எழுந்து வந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முதலில் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கையை உயர்த்தினார்.

என் பிள்ளைகள் காலையில் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, அபசகுனம் என்ற கெட்ட பெயருக்குப் பயந்து அந்த அம்மா பேசாமலே இருந்திருந்தால் என்று நினைக்கத் தொடங்குவேன். அந்த நினைப்பை முழுதாக நினைத்து முடிக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.