கால் நீட்டிப் படுக்க ஒரு வண்டி

கல்யாணமாகி வந்ததிலிருந்து என் மனைவி செஞ்சிக்கு வெளியே கண்விழித்த இடங்கள் இரண்டே வகை: கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி. எங்களுடையது பாத்திரக் கடை. அதைப் பூட்டிவிட்டு எங்கேயும் போனதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டை அடிவாரத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வேனை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குத் திரை. அந்த அம்மாள் கால் நீட்டிப் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். புருஷன் டீ போட்டான். என் மனைவி நகரவே இல்லை.

"இத மாதிரி ஒண்ணுல கடலாண்ட படுத்துத் தூங்கணும். காலைல கண்ணத் தெறந்தா கடலு தெரியணும். ஒரு நாள் போதும்" என்றாள்.

அதுவரை என்னிடம் மிக்சிக்கு மேல் எதையும் கேட்காதவள். மறுக்க முடியவில்லை.

படித்தவனுக்கு ஆசை வந்தால் முதலில் படிப்பான். நானும் படித்தேன். உலகமே ஆசைப்படும் பழைய வேன் ஒன்று உண்டு. உருண்டை முகம், ஜெர்மனிக்காரன் செய்தது. அதன் விலைக்கு எங்கள் கடையைப் பாத்திரங்களோடு வாங்கிவிடலாம். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் வழி வேறு: யாரும் சீந்தாத பழைய வண்டியாகப் பார், அழகும் இருக்கும், விலையும் படியும். எனக்குப் பெண் கொடுத்தபோது என் மாமனாரும் இப்படித்தான் யோசித்திருக்க வேண்டும்.

வண்டி பார்க்க மச்சான் கூட வந்தார். மனைவியின் அண்ணன், பஜாரில் ஹார்டுவேர் கடை. என்னைக் கேலி செய்வதை அவர் பகுதி நேரத் தொழிலாகவே வைத்திருந்தார். பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட வேன், தக்காளி ஏற்றிய வேன், ஆம்னி என்று ஒவ்வொன்றிலும் நான் ஏறிப் படுத்துப் பார்ப்பேன். எனக்கு உயரம் கொஞ்சம் அதிகம். கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவது மச்சானின் பங்கு. விற்க வந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். விலையை மட்டும் குறைக்கவில்லை.

கடைசியில் பக்கத்து ஊரான வல்லத்தில், நிலக்கடலை மூட்டை அடுக்கிய ஒரு மல்லாட்டை மண்டிக்குப் பின்னால், ஒரு பழைய மெட்டடார் வேன் நின்றது. ஒரு காலத்தில் கல்யாண பேண்டு கோஷ்டியைச் சுமந்த வண்டி. இப்போது கோழிகள் குடியிருந்தன. அவற்றைத் துரத்திவிட்டுப் படுத்தேன். தலையும் இடிக்கவில்லை, காலும் மடங்கவில்லை.

மச்சான் கதவருகே நின்று பார்த்தார். "கால மடக்காம படுக்க ஒரு எடம் நிச்சயமா இருக்குது மாப்ள. அதுக்கு இன்னா அவசரம்?"

மண்டிக்காரருக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்தது. நான் அந்த வண்டியையே வாங்கினேன்.

கட்டிலுக்கு பிளைவுட்டும் ஸ்க்ரூவும் மச்சான் கடையிலிருந்து வந்தன. அவரே வந்து முடுக்கினார், ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஒரு வசவோடு. மனைவி நீலப் பூப்போட்ட துணியில் திரை தைத்தாள். ஆனால் வண்டிக்குள் கால் வைக்கவில்லை. அமாவாசைக்கு மேல்மலையனூர் கொண்டுபோய் அம்மனுக்குப் பூஜை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகுதான் ஏறுவேன் என்றாள். திரைகளை வெளியே நின்றே நீட்டினாள். நான் உள்ளே மாட்டினேன். பூஜை முடிந்த மறுநாள் கடல் என்று பேச்சு.

அமாவாசை வருவதற்குள் மச்சானுக்கு நெஞ்சு வலித்தது. காரில் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் விடிகாலையில் போன் வந்தது. போய்விட்டார். ஆம்புலன்ஸ் கிடைக்கத் தாமதமாகும் என்றார்கள். அப்புறம் மச்சானின் பங்காளி ஒருவர், கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்க வண்டி நீளமா இருக்குது இல்ல?" என்று கேட்டார்.

செஞ்சி பஜாரில் கல்யாணத்துக்கு வண்டி கேட்டால் ரிப்பேர் என்று சொல்லலாம். சாவுக்குக் கேட்டால் சொல்லக்கூடாது. நான் சாவியைத் தேடுவதற்குள் மனைவி வண்டியில் ஏறிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பூஜை, எலுமிச்சம்பழம் எதையும் அவளும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆஸ்பத்திரி கடற்கரைக்குப் பக்கத்தில். உள்ளே பேப்பர் வேலை முடியும்வரை தெருமுனையில் நிறுத்தச் சொன்னார்கள். வழியெல்லாம் அழுதவள் கட்டிலிலேயே சாய்ந்து அசந்து போயிருந்தாள். காற்றுக்காகப் பக்கவாட்டுக் கதவைத் தள்ளித் திறந்தேன். சத்தத்தில் விழித்தாள். நேரெதிரே, வெயில் ஏறாத கடல்.

கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கதவ மூடுங்க" என்றாள். "அந்த ஸ்கிரீனையும் இழுத்து உடுங்க."

திரும்பும்போது கட்டிலில் மச்சான் நீட்டிப் படுத்திருந்தார். மனைவி அவர் தலைமாட்டில், வண்டித் தரையில். திண்டிவனம் தாண்டி ரோடு மோசமான இடத்தில்கூட ஒரு ஸ்க்ரூ ஆடவில்லை. வீட்டு வாசலில் இறக்கும்போது பங்காளி என் தோளைத் தட்டி, எதற்கோ வாங்கியது எதற்கோ உதவியது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

பிணம் ஏறிய வண்டியில் வீட்டுப் பெண்கள் சந்தோஷத்துக்குப் போவது எங்களில் கிடையாது. தெரிந்தும், காரியம் முடிந்தபின் கேட்டேன். நன்றாகக் கழுவி, பெயின்ட் அடித்து, அடுத்த அமாவாசைக்குப் பூஜை போட்டுவிடலாமே என்றேன்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எங்க அண்ணன் கால மடக்காம வந்தான். அதுக்குத்தான் வாங்கினதுன்னு வெச்சிக்கங்க."

விற்கப் பார்த்தேன். வாங்க ஆள் இல்லை. இப்போது அதை ஊரில் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஒருநாள் கயிற்றுக் கடைக்காரர் வந்தார். அவருடைய தாயார் திண்டிவனம் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார்களாம், வண்டி வேண்டுமாம். ரிப்பேர் என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் மனைவி சாவியோடு வந்துவிட்டாள். கொடுப்பதற்கு முன் அவரை நிற்கச் சொல்லிவிட்டு, தானே வண்டிக்குள் ஏறித் திரைகளைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

இப்போது அவை எங்கள் சமையலறை ஜன்னலில் தொங்குகின்றன. விலக்கினால் பக்கத்துக் கடையின் சுவர் தெரியும்.