வெல்டர் யாக்கோபின் இதயம்

ஒரகடம் மேட்டில் எல்லாரும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். யாக்கோபு மட்டும் மிதித்தே ஏறுகிறார். ஏறியதோடு விடுகிற ஆளும் இல்லை. திரும்ப இறங்கி, இன்னொரு தடவை ஏறிவிட்டுத்தான் பட்டறையைத் திறப்பார். கேட்டால் நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். "சும்மா பார்த்துக்கினேன் சார், ஒழுங்கா ஓடுதான்னு."

கேட், ஜன்னல், ஆலைகளுக்கு ஷெட் என்று வெல்டிங் செய்கிறவர். போன வருடம் ஏணியிலிருந்து மயங்கி விழுந்தார். இதயத்தின் உட்சுவரில் சதை தடித்து, ரத்தம் வெளியே போகும் வழியை அடைக்கிறது என்றார்கள். இந்த 1991 பொங்கல் கழிந்து, சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் நெஞ்சைத் திறந்து, அந்தச் சதையை லேசர் ஒளியால் சுட்டு எடுத்தார்கள். இப்படியெல்லாம் செய்ய முடியும் என்று நானே அப்போதுதான் கேள்விப்பட்டேன்.

ஒளியால் சுடுவது என்றதும் மனிதருக்கு டாக்டரின் கண்ணைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. வெல்டர் புத்தி வேறெங்கே போகும்? பட்டறைக் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்து மஞ்சள் பையில் எடுத்துக்கொண்டு போய், "இத்த போட்டுக்கோங்க டாக்டர், வெறுங்கண்ணால பார்த்தா ராவெல்லாம் மண்ணு கொட்னாப்ல உறுத்தும்" என்று நீட்டியிருக்கிறார். தங்களிடமே கண்ணாடி இருப்பதை டாக்டர் எடுத்துக் காட்டிய பிறகுதான் நிம்மதியாகப் படுத்தாராம். இப்போது சர்ச்சில் ஞாயிறு பூசை மன்றாட்டில் டாக்டரோடு அந்த லைட்டுக்கும் சேர்த்து வேண்டச் சொல்கிறார். சாமியாரும் சிரித்துக்கொண்டே வேண்டிவிடுகிறார். வேண்டட்டுமே. எங்கள் யாக்கோபைத் திருப்பிக் கொடுத்த லைட் அது.

ஒரு பயம் மட்டும் அவரை விடவில்லை. இந்தக் கோளாறு பிள்ளைகளுக்கும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ஆறாவது படிக்கும் மகள் செல்வமேரியை ஓட விடுவதில்லை. பள்ளி ஓட்டப்பந்தயத்திலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார். அவள் அப்பாவோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

போன வாரம் அவளுக்கு எக்கோ எடுக்கப் போனபோது நானும் துணைக்குப் போனேன். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, வருடம் ஒருமுறை வந்து காட்டினால் போதும், ஓடி ஆடலாம் என்றார்.

வெளியே வந்தோம். ஸ்ரீபெரும்புதூர் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. செல்வமேரி தயங்கி அப்பா முகத்தைப் பார்த்தாள்.

"ஓடு கண்ணு, புடி."

சிட்டாகப் பறந்து படியில் தொற்றினாள். அவள் பின்னால் நானும் ஓடி ஏறினேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தால், யாக்கோபு பஸ்ஸை மறந்து நடைபாதையிலேயே நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.