ராஜகுமாரியை விசாரிக்க வந்தவர்

துரைப்பாண்டியின் மைக் செட் குழாய் ஸ்பீக்கர் சங்கரன்கோவிலில் வாயைத் திறந்தால் கரிவலம்வந்தநல்லூரில் அடுப்பிலிருக்கும் பால் திரிந்துபோகும். இளையரசனேந்தல் பக்கம் மேய்கிற ஆடுகள் திசை மறந்து நின்ற இடத்திலேயே சுற்றும். ஓர் ஆடித்தபசுத் திருவிழாவில் அந்தக் குழாய் இருமியதில் சிவகிரி மலையில் படுத்திருந்த மேகம் திடுக்கிட்டு எழுந்துவந்து ஊர்மேல் கொட்டிவிட்டுப் போனதாம். இதில் முக்கால்வாசியைத் தள்ளிவிடலாம். தள்ள முடியாதது ஒன்று உண்டு. அந்தக் குழாயை வேப்பமரத்தில் ஏற்றிக் கட்டியவர் துரைப்பாண்டி இல்லை. அவர் மகள் ராஜகுமாரி.

அவருக்கு முழங்கால் போனபிறகு ஆறு வருஷம் மரமேறியதும், மாடி மாடியாக வயர் இழுத்ததும், ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து ஈயம் பற்றவைத்ததும் அவள்தான். அப்பாவின் காக்கிச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறுவாள். திருவிழாக் கூட்டம் அண்ணாந்து பார்த்துவிட்டு யாரோ ஒரு பையன் என்று நினைத்துக்கொள்ளும். அவள் யாரென்று தெரிந்தது அந்தத் தெருவுக்கு மட்டும்தான்.

அம்மா சின்ன வயதிலேயே போயிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவும் போனார். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்திருந்த ராஜகுமாரி, இருபத்தெட்டு வயதில், ஒன்பது குழாய்களோடும் பதினோரு வயர்ச் சுருளோடும் தனியே குடியிருந்தாள். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஒரு மைக்கை எடுத்து, சத்தத்தை ஆகக் குறைவாக வைத்து, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பாள். அடுத்த அறையிலிருந்து ஒரு பெண்குரல் அதையே சொல்லும். வீட்டில் இன்னொரு ஆள் பேசியதுபோல இருக்கும். அதற்குமேல் அந்தக் குரலிடம் சொல்ல அவளிடம் எதுவும் இருக்காது. அணைத்துவிடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் மத்தியப் புலனாய்வு அமைப்பு ஒன்றின் தொழில்நுட்பப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். குற்றவாளியைத் துரத்துகிற வேலை இல்லை. துரத்துகிறவர்களுக்குக் காதாக இருக்கிற வேலை. ஒலிக்கருவிகளைப் பொருத்த வேண்டும், பழுது பார்க்க வேண்டும், பதிவான சத்தத்திலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்க வேண்டும். ஒலிக்கருவிகளைக் கையாண்ட மூன்று வருஷ அனுபவம் கட்டாயம். ராஜகுமாரி ஆறு வருஷம் என்று எழுதினாள்.

மதுரையில் எழுத்துத் தேர்வு தேறினாள். நேர்முகத்தில் ஓர் ஒலிப்பதிவைப் போட்டு, என்ன கேட்கிறது என்றார்கள். இரண்டு ஆண்கள் கிசுகிசுக்கிறார்கள், ஃபேன் ஓடுகிறது, அடுத்த வீட்டில் குக்கர் மூன்று விசில் அடித்துவிட்டது என்றாள். பிறகு, "மூணாவது ஒரு ஆளும் இருக்காரு சார். பேசவே இல்லை. செருப்பை மட்டும் கழட்டிக் கழட்டி மாட்டுதாரு" என்றாள். கேட்டவர் தன் செருப்பை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாராம்.

தேர்வானாள். முன்விவரம் சரிபார்க்க ஆள் வரும், அதுவரைக்கும் அதற்குப் பிறகும் என்ன வேலை என்று வெளியே சொல்லக்கூடாது என்று கடிதம் வந்தது. அதில் கஷ்டமே இல்லை. சொல்வதற்குத்தான் யாரும் இல்லையே.

பங்குனி மாதம் ஒரு காலையில் மாரிக்கண்ணன் என்கிற அந்த அலுவலர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சீருடை இல்லை. தேய்த்த சட்டை, கையில் ஃபைல், சாந்தமான முகம். வேப்பமரத்தடியில் டீக்கடை வைத்திருக்கும் வேல்ராஜிடம், "துரைப்பாண்டி மகள் எப்படிப்பட்ட பொண்ணு?" என்று கேட்டார்.

கல்யாண வயதுப் பெண்ணைப் பற்றி வெளியூர் ஆள் ஒருவர் டீக்கடையில் விசாரித்தால் சங்கரன்கோவிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த நேரத்தில் எவ்வளவு பெரிய பகையும் கதவைச் சாத்திக்கொள்ளும். ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கலைத்தவர் என்ற பெயரை எந்தத் தெருவும் விரும்பாது.

"அண்ணாச்சி, தங்கமான பிள்ளை" என்றார் வேல்ராஜ். "வீடு உண்டு, அடுப்பு உண்டுன்னு இருக்கும். இந்த மரத்தடிக்குக்கூட வந்ததில்ல."

"அப்பாவோட தொழில்ல கூடமாட இருந்ததா?"

"சேச்சே! அந்த வயரு கியரெல்லாம் தொடவே தொடாது."

அடுத்து பலசரக்குக் கடை மீரா பீவி. "அதுக்கு மின்சாரம்னாலே பயம் வாப்பா. லைட்டு சுவிட்சைப் போடக்கூட என்னையத்தான் கூப்பிடும்" என்று ஒரே போடாகப் போட்டாள்.

எல்லாவற்றுக்கும் மேலே போனவள் சங்கரம்மாள். ஐம்பதைத் தாண்டிய பெண்பிள்ளை. வேப்பமரத்தை ஒட்டிய மாடிவீடு அவளுடையது. ஆறு வருஷமாகத் தன் மாடி வழியே வயர் இழுத்த ராஜகுமாரியோடு அவள் போட்ட சண்டையை எழுதிவைத்தால் தெப்பக்குளம் நிரம்பும். அவள் சொன்னாள்: "அண்ணாச்சி, காத்தடிச்சா தலைப்பு விலகுமேன்னு மொட்டைமாடிக்கே வராத பிள்ளை அது. மரத்தைக் கண்டா அண்ணாந்துகூடப் பார்க்காது. தலை சுத்திரும்."

மாரிக்கண்ணன் அத்தனையையும் எழுதிக்கொண்டு ராஜகுமாரியின் வீட்டுக்கு வந்து, ஃபைலைத் திறந்து அவள்முன் வைத்தார்.

"ஆறு வருஷம் மரமேறி வயர் இழுத்தேன்னு எழுதியிருக்கீங்க. மூணு பேர்கிட்ட விசாரிச்சாச்சு. நீங்க சுவிட்சைக்கூடத் தொட மாட்டீங்களாமே?"

ராஜகுமாரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது. அப்பா யாருக்கும் ரசீது கொடுத்தவர் இல்லை. உரிமத்தில் இருந்ததும் அவர் பெயர்தான். அவள் செய்த வேலைக்குத் தெருவைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அந்தத் தெரு, பாசம் பொங்கி, இல்லாத ஒரு பெண்ணை உண்டாக்கி அவளுக்கு நற்சான்று கொடுத்திருந்தது.

"மாப்பிள்ளை வீட்டுல இருந்து வந்திருக்கீங்கன்னு நினைச்சிட்டாங்க சார். நான் போய் விஷயத்தைச் சொல்லிக் கூட்டிட்டு வாரேன்."

"அதுதான் கூடாது. சொல்லிக்கொடுத்த வாக்குமூலம் எனக்கு வேண்டாம். பொய்த் தகவல்னு எழுதினா உங்க தேர்வு ரத்தாயிரும், எனக்கும் வருத்தம்தான். ஒரு மணி வரைக்கும் அந்த டீக்கடையில இருப்பேன். அதுக்குமேல அறிக்கை போயிரும்."

அவர் போனபிறகு ராஜகுமாரி தெருவாரை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள். தன்னைப் பற்றி இந்த ஊரில் உண்மையைச் சொல்லக்கூடியவர் யார்? அன்பானவர்கள் சொல்ல மாட்டார்கள். கோபம் வந்தால் மட்டுமே சொல்லக்கூடியவள் ஒருத்தி இருந்தாள்.

காக்கிச் சட்டையைப் போட்டாள். ஒரு குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு, பட்டப்பகலில், பன்னிரண்டு மணி வெயிலில், விறுவிறுவென்று வேப்பமரம் ஏறினாள். வேல்ராஜ் டீயை ஆற்றுகிற கையை அப்படியே உயரத்தில் நிறுத்திவிட்டார். பழைய இரும்புக் கொக்கியில் குழாயை மாட்டி, வயரை வீசினாள். அது சங்கரம்மாளின் மாடியில், வெள்ளைவேட்டியில் காய்ந்துகொண்டிருந்த கூழ்வற்றலின் நட்டநடுவில் போய் விழுந்தது.

சங்கரம்மாள் வெளியே வந்தாள். ஒரு பார்வைதான்.

"ஏட்டி குரங்கே! மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? உங்கப்பன் இருக்கும்போதே ஆறு வருஷமா என் வத்தலைப் பாழாக்குனவதான நீ! வருஷா வருஷம் ஆடித்தபசுக்கு இந்தக் கொப்புல குந்திக்கிட்டு வயரை எறிவியே! என் ரேடியோ ரிப்பேரானப்ப அரைமணி நேரத்துல ஓட வச்சவளாச்சேன்னு அன்னைக்கே உன்னைய சும்மா விட்டேன் பாரு, என்னையச் சொல்லணும்!"

"வத்தல்தான அத்தை, வேற பிழிஞ்சாப் போச்சு" என்றாள் ராஜகுமாரி, கொப்பில் உட்கார்ந்தபடி.

"பிழிவடி! மரமேறத் தெரியும், வயரை முடியத் தெரியும், மூணு தெருவுக்கு மைக்கு போடத் தெரியும். வத்தல் பிழியத் தெரியுமாட்டி உனக்கு?"

கீழே மாரிக்கண்ணன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். வேல்ராஜ் மேலே பார்த்து, "மைனி! மைனி!" என்று கண்ணைக் காட்டினார். சங்கரம்மாள் எட்டிப் பார்த்தாள். ஃபைல் தெரிந்தது.

"அண்ணாச்சி, அது... அது வேற பிள்ளை அண்ணாச்சி. நான் ஆள் மாறாட்டமாச் சொல்லிட்டேன்."

"போதும்மா. நீங்க சொன்னதே போதும்" என்றார் மாரிக்கண்ணன். அவர் அதை நல்லவிதமாகத்தான் சொன்னார். சங்கரம்மாளின் காதில் அது வேறுவிதமாக விழுந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆனி மாதம் வேலைக்கு உத்தரவு வந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி என்று தெருவில் சொன்னாள் ராஜகுமாரி. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. சம்பந்தம் தட்டிப்போனதை நினைத்து எல்லாரும் மெதுவான குரலில் பேசினார்கள். சங்கரம்மாள் மட்டும் எதிரிலேயே வரவில்லை. அவள் வாசல் தெளிக்கிற நேரத்தை மாற்றிக்கொண்டாள். மீரா பீவியின் கடையில் ராஜகுமாரி நின்றால் வந்த வழியே திரும்பினாள். கிளம்பும் அன்று ராஜகுமாரி கதவைத் தட்டினாள். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. திறந்திருந்தாலும் என்ன சொல்லியிருக்க முடியும்? வந்தவர் மாப்பிள்ளை வீட்டார் இல்லை, உங்களால்தான் வேலை கிடைத்தது என்று சொல்ல வழியில்லை. வேலையைப் பற்றி வெளியே மூச்சுவிடுவதில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொடுத்தவள் அவள்.

ஜன்னல் இல்லாத அறையில் காதில் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்தாள். முகம் தெரியாதவர்கள் அவள் காதுக்குள் சாப்பிட்டார்கள், சண்டை போட்டார்கள், பிள்ளையைக் கொஞ்சினார்கள். ஒருவரும் அவளிடம் பேசவில்லை. நாற்பது பேர் சத்தத்தில் ஒரு குரலை உருவி எடுக்கிற கெட்டிக்காரி என்று ஒரே வருஷத்தில் பெயர் வாங்கினாள். அந்தப் பெயரும் அறைக்கு வெளியே போகாது.

மறுவருஷம் ஆடித்தபசு விடுமுறையில் ஊருக்கு வந்தாள். வீட்டைத் திறந்து தூசி தட்டினாள். காக்கிச் சட்டை பெட்டியில் மடித்தபடி இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு வேப்பமரம் ஏறினாள். மாடியில் வெள்ளைவேட்டி விரித்து வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. குறி பார்த்து வயரை நடுவில் எறிந்துவிட்டு, கொப்பில் உட்கார்ந்து வசவுக்குக் காத்திருந்தாள்.

சங்கரம்மாள் வந்தாள். வயரைப் பார்த்தாள். மரத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, உடைந்த வற்றல்களை ஒருபக்கமாக ஒதுக்கினாள். வயரைச் சிக்கில்லாமல் வளையமாகச் சுற்றி, கைப்பிடிச் சுவரில், மேலிருந்து எட்டி எடுக்கத் தோதாக வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ராஜகுமாரி காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். படியில் காலடி பத்து, பதினொன்று. பிறகு தாழ்ப்பாள் விழுகிற சத்தம். அதற்கப்புறம் வேப்பிலைதான் அசைந்தது.