டிவி ஸ்டாண்டில் ஒரு அடுப்பு

மகளுக்கு விளையாட்டு அடுப்பு செய்ய, அஸ்தினாபுரம் வீட்டு மாடியில் பழைய டிவி ஸ்டாண்டைக் கோணல்மாணலாக அறுத்துக்கொண்டிருந்தேன். வார்னிஷும் மரத்தூளும் கலந்த வாசனை என்னை ஆறு வயதுக்குக் கொண்டுபோனது.

எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அன்று அத்தா பழைய ரேடியோ பெட்டியில் சோடா மூடிகளைத் திருகு குமிழ்களாக அடித்து, அக்காவுக்கு அடுப்பு செய்தார். நான் ஆசையாகக் கரண்டியை எடுத்தேன்.

“ஆம்பளப் பசங்க சமைக்கக் கூடாது,” என்று அக்கா பிடுங்கிக்கொண்டாள். நான் அழுதேன்.

“நம்ம வீட்டுக் கல்யாணங்கள்ல பிரியாணி ஆக்குற பண்டாரி யாரும்மா? ஆம்பளதானே,” என்றார் அத்தா.

அக்கா யோசித்தாள். “சரி, நீ பண்டாரி. மொதல்ல பாத்திரத்தக் கழுவு.”

அதைப் பதவி உயர்வு என்று நம்பி, நாள் முழுக்கக் கழுவினேன்.

என் மகளும் பக்கத்தில் நின்ற தன் தம்பியைச் சமைக்க விடமாட்டாள் என்று நினைத்து, அத்தாவின் அதே வாதத்தை அவளிடம் எடுத்துவிட நிமிர்ந்தேன். அதற்குள் அவளே கரண்டியைத் தம்பி கையில் கொடுத்திருந்தாள்.

“சீக்கிரம் அறுங்கத்தா, தம்பி சமைக்கணுமாம்.”