இடது கழுத்தில் அடைப்பு

என் வீட்டுக்காரர் கம்பத்திலிருந்து குமுளி மலைக்கு ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவருக்கு வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. என்னைக் கூப்பிடப் பார்த்தார்; சத்தம் வந்தது, பேச்சு வரவில்லை.

ஜீப் வாசலிலேயே நின்றது. பக்கத்து வீட்டு டிரைவர், "தூக்குங்கக்கா, தேனிக்குக் கொண்டுபோயிருவோம்" என்று ஓடி வந்தார். அதற்குள் என் வீட்டுக்காரரின் அண்ணன் வந்து சாவியை எடுத்துக்கொண்டார்.

"இது வாதம். ஊசி போட்டா கை கால் வெளங்காது. புறா ரத்தம் தேச்சாச் சரியாயிரும்னு சொல்லியிருக்காக."

அதே ஜீப்பில் புறா வாங்கப் போனார். புறாவை அறுத்து, விளங்காமல் கிடந்த வலது கையிலும் காலிலும் ரத்தத்தைச் சூட்டோடு தேய்த்தார்கள். கெஞ்சினேன், கேட்க ஆளில்லை. மறுநாள் மத்தியானம் அவருக்குக் கண் செருகிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். உயிர் தங்கியது. பேச்சும் கையும் போனது போனதுதான்.

சில மாதம் கழித்து, சின்ன வயதுக்காரர்களுக்குப் பக்கவாதம் ஏன் கூடுகிறது என்று ஆராய்ச்சி செய்ய வெளியூர் டாக்டர்கள் வந்தார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். அண்ணனும் கூட வந்தார். ஒரு டாக்டரம்மா என் வீட்டுக்காரர் கழுத்தில் பசை தடவி ஸ்கேன் கருவியை வைத்தார். வலது பக்கம் மூளைக்குப் போகும் ரத்தம் திரையில் சிவப்பாக ஓடியது. இடது பக்கம் ஒன்றுமே இல்லை.

"முழுசா அடைச்சிருக்கு. எப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீங்க?"

"உடனே போயிட்டோம் டாக்டர்" என்றார் அண்ணன்.

"இல்ல. மறுநாள்தான். அதுவரைக்கும் புறா ரத்தம் தேச்சாக" என்றேன்.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "உண்மையச் சொன்னீங்களே, எங்க ஆராய்ச்சிக்கு இது ரொம்ப உபயோகம்."

"இவருக்கு?"

"இன்னொரு பக்கமும் அடைக்காம இருக்க மாத்திரை தர்றோம். செத்துப்போன மூளை திரும்பாதும்மா."

வெளியே வந்ததும் அண்ணன், "வேத்தாளுக முன்னாடி என் மானத்த வாங்கிட்டயே ஆத்தா" என்றார். அதோடு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அண்ணன் தம்பியைப் பிரித்தவள் என்று ஊர் என்னைத்தான் பேசியது.

அந்தத் தீபாவளிக்கு என் வீட்டுக்காரர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை. இடது கையால் அண்ணன் வீட்டுப் பக்கம் காட்டினார். பிறகு என்னைக் காட்டினார். கண்ணில் அத்தனை கோபம். சோற்றைப் பிசைந்து ஊட்டப் போனேன். வாயை இறுக மூடிக்கொண்டார்.