கயிற்றின் மறுமுனை

“கயிறு பிடிக்க ஒரு ஆள் வேணும்!”

கத்தியது நான்தான். மணி 7:12. அப்போது கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

அந்த ஆஸ்பத்திரியில் இதை மட்டும் கேட்கவே கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நான் கேட்டேன். அதன் பிறகு நடந்ததைத்தான் எழுதுகிறேன். ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். அன்று மாலை ஏழு மணி வரைக்கும் நானே நம்பாத ஆள்தான்.

நான் மாட்டு டாக்டர். எங்கள் குடும்பத்தில் பட்டம் என்று ஒன்றைக் கையில் வாங்கிய முதல் ஆள். அப்பா மூட்டை தூக்குகிறவர். “என் பொண்ணு டாக்டர்” என்று எல்லோரிடமும் சொல்வார். “எதுக்கு டாக்டர்?” என்று கேட்டால் மட்டும் “ஊசி போடற டாக்டர்” என்று நழுவிவிடுவார்.

ஆஸ்பத்திரி ஊரைத் தாண்டி, ஓடைக்கு இந்தப் பக்கம். முன் அறையில் நாய், பூனை, கோழி. முற்றத்தைத் தாண்டினால் பின் கொட்டகை. அங்கே ஆடு, மாடு, பன்றி. காலையில் பூனைக்குக் காது கழுவிய கையோடு மத்தியானம் பன்றியோடு மல்லுக்கட்ட வேண்டும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வேலை எனக்குப் பிடித்திருந்தது.

நடத்துகிறவரைப் பெரிய டாக்டர் என்பார்கள். அவர் போட்ட ஒரே விதி இதுதான்: “பின் கொட்டகைல நின்னுக்கிட்டு ஆள் வேணும்னு மட்டும் கேக்காதே. தனியாச் செய்யப் பழகு.”

சுத்தக் கஞ்சத்தனம் என்று நினைத்தேன். இன்னொரு ஆளை வேலைக்கு வைக்க மனசில்லை. படித்துவிட்டு வந்த பெண்தானே, முதுகு ஒடிய இழுக்கட்டும் என்று விட்டுவிட்டார். மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை.

அதற்குள் என் கையில் இரண்டு மாடு போய்விட்டது. இரண்டையும் நேரம் கடந்துதான் கொண்டுவந்தார்கள். அதை யார் கேட்கிறார்கள்? “இன்னொண்ணு போச்சுன்னா நீயும் போகலாம்” என்று சொல்லிவிட்டார். அந்த வேலையை நம்பி வீட்டில் நாலு பேர் இருந்தோம்.

மூன்றாவது மாடு அன்றைக்கு வந்தது. மாலை 6:40.

நல்ல மழை. கரண்ட் போய்விட்டது. பால்கார அக்கா ஒரு சின்ன வேனில் தன் செவலைப் பசுவை ஏற்றிக்கொண்டு வந்தாள். அவளுக்கு இருப்பது அந்த ஒரு மாடுதான். மத்தியானமே தண்ணிக்குடம் உடைந்துவிட்டதாம், கன்று இன்னும் வரவில்லையாம். ஓடையில் தண்ணீர் ஏறுகிறது என்று வேன்காரர் மாட்டை இறக்கிவிட்டதும் பறந்துவிட்டார். அக்காவின் வலது கையில் மாவுக்கட்டு.

“என்னக்கா இது?”

“இவ ஒதைச்சுதான் ஒடைஞ்சுது. இப்ப இவளுக்காகவே அழுதுகிட்டு நிக்கறேன் பாருங்க, டாக்டரம்மா.”

பெரிய டாக்டர் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பன்றிப் பண்ணையில் மாட்டிக்கொண்டிருந்தார். 6:52க்குப் போன் அடித்தேன். மணி போனது... எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அதற்கும் அப்படியே.

மாடு படுத்துவிட்டது. தோள் வரைக்கும் உறை மாட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். கன்றின் முன்னங்கால் இரண்டும் வந்திருந்தன. தலை வரவில்லை. பின்னால் மடங்கித் தன் விலாவைப் பார்த்துக் கிடந்தது. உயிர் இருந்தது. வாய்க்குள் விரலை வைத்ததும் சப்பியது.

தலையை நேராக்கலாம். ஆனால் கையை எடுத்தால் மறுபடியும் மடங்கிக்கொள்ளும். ஒருவர் உள்ளே தலையைப் பிடித்திருக்க வேண்டும். இன்னொருவர் கால்களில் கட்டிய கயிற்றை வெளியே இழுக்க வேண்டும். எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இது இரண்டு பேர் வேலை.

அக்காவைச் சுடுதண்ணீர் வைக்க முன் அறைக்கு அனுப்பினேன். கன்றின் இரண்டு காலிலும் கயிறு மாட்டினேன். அதன் நுனியை என் இடுப்பில் கட்டி, ஒரு கையால் உள்ளே தலையைப் பிடித்தபடி இழுத்துப் பார்த்தேன். வழுக்கி விழுந்தேன். எழுந்தேன். மறுபடி விழுந்தேன்.

கன்று விரலைச் சப்புவது குறைந்துகொண்டே வந்தது.

அப்போதுதான் கத்தினேன். யாரைப் பார்த்து? யாரையும் இல்லை. கோபத்தில், சுவரைப் பார்த்து.

“கயிறு பிடிக்க ஒரு ஆள் வேணும்!”

7:12.

இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் பின்னால் வீசிவிட்டு, ஈரச் சிமெண்டில் குப்புறப் படுத்தேன். கை தோள் வரை உள்ளே. கன்னம் மாட்டின் தொடையில் ஒட்டியிருந்தது. அந்த நிலையில் இடது பக்கச் சுவரையும் அதில் மாட்டிய கடிகாரத்தையும் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது. தலையைத் திருப்பினால் பிடி நழுவிவிடும்.

மாடு முக்கியது.

எனக்குப் பின்னால் கயிறு இறுகியது.

அப்பாடா. அக்கா வந்துவிட்டாள். ஒற்றைக் கையால் இழுக்கிறாள் பாவம் என்று நினைத்தேன்.

“அப்படித்தான்க்கா. அவ முக்கும்போது மட்டும் இழுங்க.”

இழுப்பு அவ்வளவு கச்சிதம். மாடு முக்கினால் இழுப்பு. விட்டால் தளர்வு. வருஷக்கணக்காகச் செய்த கை மாதிரி.

சர்ர்... வெறுங்கால் சிமெண்டில் வழுக்கும் சத்தம். பிறகு காலை ஊன்றும் சத்தம்.

ஒன்று மட்டும் உறுத்தியது. கயிறு என் தோளுக்கு மேலே, உயரத்திலிருந்து வந்தது. அக்கா என்னைவிடக் குள்ளம்.

வலது பக்கம் ஆணியில் எமர்ஜென்சி விளக்கு. எங்கள் நிழலெல்லாம் இடது சுவரில். மாட்டின் வயிறு. என் முதுகு. இறுகி நின்ற கயிறு.

கயிற்றின் நிழலைக் கண்ணால் பின்தொடர்ந்தேன். மேலே... இன்னும் மேலே...

பாதிச் சுவரில் நின்றுவிட்டது.

அதைப் பிடித்திருக்கும் கையின் நிழல் இல்லை.

“டாக்டரம்மா...”

அக்காவின் குரல். வாசலிலிருந்து. வாசல் இருப்பது மாட்டின் தலைப் பக்கம். எனக்குப் பின்னால் இருப்பது சாக்கடையும் சுவரும்தான். அந்தப் பக்கம் வழியே கிடையாது.

“கேஸ் தீர்ந்துபோச்சு. தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கு... அட, ஆள் வந்தாச்சா? நல்லதாப் போச்சு!”



“யாருக்கா... எப்படி இருக்காங்க?”

“இவர்தான். உசரமா... தலையெல்லாம் நனைஞ்சிருக்கே, மழைல வந்தீங்களாண்ணே?”

அக்காவின் காலடி இரண்டு எட்டு நெருங்கியது.

“என்னைப் பாக்கவே மாட்டேங்கறார். கயித்தையே பாத்துக்கிட்டு இருக்கார்.”

கையை உருவிக்கொண்டு ஓடலாம். ஓடினால் தலை மடங்கும். கன்று சாகும். அப்புறம் மாடும். அக்கா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே “ஆச்சுடி, ஆச்சு” என்று சொல்வது காதில் விழுந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா?

“இழு” என்றேன்.

இழுத்தது.

“இன்னும்.”

இழுத்தது.

7:26. மூக்கு வெளியே வந்தது. நெற்றி வந்தது. மாடு களைத்துப்போய் முக்குவதை நிறுத்திவிட்டது.

இழுப்பு நிற்கவில்லை.

“நிறுத்து. அவ முக்கல. கிழிஞ்சிரும். நிறுத்து!”

நிற்கவில்லை.

“அண்ணே, டாக்டரம்மா சொல்றது கேக்கலியா?” அக்காவின் குரல் மாறியிருந்தது. “அண்ணே...?”

கிர்ர்ர்... கயிறு முறுக்கேறும் சத்தம்.

“முக்குடி!” என்று நான் மாட்டிடம் கத்தினேன். கெஞ்சினேன். கெட்ட வார்த்தை சொன்னேன்.

முக்கியது.

தோள். விலா. இடுப்பு... சளக்கென்று முழுக் கன்றும் என் மேல் வந்து விழுந்தது. 7:31.

மூக்கைத் துடைத்தேன். இருமியது. உயிர்!

திரும்பிப் பார்த்தேன்.

யாரும் இல்லை.

ஆனால் கயிறு தரையில் விழவில்லை.

அந்தரத்தில், நேராக, இறுகி நின்றது.

கன்று நகர்ந்தது.

தானாக இல்லை. கால்களைப் பிடித்து இழுத்தபடி... சிமெண்டில் தேய்ந்துகொண்டு... சாக்கடைப் பக்கம்.

நான் கன்றைக் கட்டிக்கொண்டேன். என்னையும் சேர்த்து இழுத்தது.

“கத்தி! அக்கா, கத்தி!”

இடது கையால் எடுத்து வீசினாள். நான் கயிற்றை அறுத்தேன்.

ஒரு இழை.

இன்னொரு இழை.

டப்.

அறுந்த நுனி தரையைத் தடவிக்கொண்டு இருட்டுக்குள் போனது. சர்ர்ர்ர்...

பிறகு மழைச் சத்தம் மட்டும்.

விடியும் வரை நானும் அக்காவும் முன் அறையில் உட்கார்ந்திருந்தோம். மாட்டையும் கன்றையும் கூட அங்கேயே கொண்டுவந்து கட்டிவிட்டோம். விடிந்ததும் கொட்டகை முழுக்கத் தேடினேன். சாக்கடையைக் கையால் துழாவினேன். அறுந்துபோன கயிறு கிடைக்கவில்லை. வேலையை விட்டுவிடுவது என்று என் கருவிப் பெட்டியைக் கட்டி வாசல் பெஞ்சில் வைத்தேன்.

காலை 8:20க்குப் பெரிய டாக்டர் வந்தார். கன்றைப் பார்த்தார். பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“அறுத்தியா?”

அறுத்ததை நான் இன்னும் அவரிடம் சொல்லவே இல்லை.

“யார் சார் அது?”

நாற்காலியில் உட்கார்ந்தார். வெகு நேரம் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இங்க அட்டெண்டரா இருந்தான். பன்னெண்டு வருஷம் ஆச்சு. இதே மாதிரி கேஸ். நீ படுத்திருந்த எடத்துல நான். நான் சொல்ற வரைக்கும் விடாம இழுடான்னேன். நடுவுல ஏதோ விழுந்த மாதிரி சத்தம். என்னால திரும்ப முடியல. கயிறு இறுக்கமாத்தான் இருந்துது, அதனால ஆள் நல்லாத்தான் இருக்கான்னு நெனச்சேன்.”

“அப்புறம்?”

“இருபத்தஞ்சு நிமிஷம். கன்னு வந்ததும் திரும்பினேன். வழுக்கி விழுந்து, சாக்கடைக் கல்லுல பின்மண்டை அடிபட்டுக் கெடந்தான். உடம்பு ஜில்லுன்னு இருந்துது. விழுந்த நிமிஷமே உயிர் போயிருக்கும்னு சொன்னாங்க. ஆனா கன்னு வர்ற வரைக்கும் இழுப்பு இருந்துதும்மா. விரல்லேர்ந்து கயித்தைப் பிரிக்க முடியல. அறுத்துத்தான் எடுத்தோம்.”

வெளியே ஒரு நாய் குரைத்தது. முதல் நோயாளி வந்துவிட்டது.

“இதுக்கு முன்னாடி யாராவது கேட்டிருக்காங்களா?”

“நான்தான்” என்றார். “ரொம்பக் கஷ்டமான கேஸ்னா... கேப்பேன்.”

“எத்தனை தடவை?”

“எண்ணினதில்ல.”

நான் மேஜை மேல் கையை ஊன்றினேன்.

“சொல்ற வரைக்கும் விடாதேன்னீங்களே. போதும்னு சொன்னீங்களா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். உண்மையிலேயே அந்தக் கேள்வி புரியாதவர் மாதிரி.

“சொன்னா, அப்புறம் யார் வருவா?”

மேஜை துடைத்த துணியை மடித்து வைத்தார்.

“உன் வேலை உனக்குத்தான். இனிமே கஷ்டமான கேஸெல்லாம் நீயே பாரு. ஒரு மாடுகூட உன் கைல போகாது, நான் சொல்றேன்.”

பொய் சொல்ல மாட்டேன். ஒரு நொடி ஆசைப்பட்டேன். வீட்டில் நாலு பேர். ஒரு மாடுகூடப் போகாது. பிறகு, செத்தவனுக்குக்கூட வேலை முடியவில்லையே என்று தோன்றியது. எழுந்துவிட்டேன்.

“வாங்க சார். கொட்டகைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.”

அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெஞ்சிலிருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். கன்றோடு நின்ற பால்கார அக்கா, “அந்த அண்ணன் எங்க போனார், டாக்டரம்மா?” என்று மெதுவாகக் கேட்டாள். கன்றின் நெற்றியைத் தடவிக்கொடுத்தேன். போதும் என்று நான் சொன்னால் அந்த அண்ணன் காதில் ஏறுமா என்று தெரியவில்லை.

கேட்டைத் தாண்டிப் போவதற்கு முன்னால், முற்றத்தில் இறங்கிக் கொட்டகையை நோக்கி நடந்தேன்.